பித்தளைக்கும் ஒரு கதிரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் பாடசாலை விழாச் செய்தி வந்தால் அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: பாண்ட் வாத்தியம் முழங்க அதிதிகள் அழைத்து வரப்பட்டனர். அடுத்த வரியில் மங்கல விளக்கு ஏற்றுவார்கள். பிறகு அதிதிகளின் பெயர், பதவி, பொன்னாடை. பாண்ட் பிள்ளைகள் என்ன வாசித்தார்கள் என்று ஒருநாளும் நீங்கள் போட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நிருபர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் பாண்ட் முடிந்திருக்கும். வாசலிலிருந்து மண்டபம் வரைக்கும் நூறு யார், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

ஆனால் போன மாதம் ஞாயிறு இதழில் மேல்நாட்டு இசை பற்றி எழுதியவர், பித்தளை வாத்தியங்கள் நடந்துகொண்டு வாசிக்கத்தான், உட்கார்ந்து கேட்பதற்கு வயலினும் பியானோவும்தான் என்ற மாதிரி ஒரே வசனத்தில் கடந்து போய்விட்டார். அது என்னைக் குத்திவிட்டது. நான் ஐம்பது வருடத்துக்கு மேலாக ட்ரம்பெற் ஊதுகிறவன். பெரிய வித்துவான் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் இயந்திரம் பொருத்துகிற பிற்றராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, பாலையூற்றில் ஒரு மாமரமும் ஒரு கிணறும் உள்ள வளவில் இருக்கிறேன். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் என் கதையை வெட்டுங்கள், லண்டன்காரர் பிலிப் ஜோன்ஸின் கதையை வெட்ட வேண்டாம்.

எனக்கு ஊதக் கற்றுத் தந்த பாண்ட் மாஸ்டர் ஒரு பறங்கியர். இங்கே பிரிட்டிஷ் கடற்படை இருந்த காலத்தில் அவர் இளந்தாரி. 1957 ஒக்டோபரில் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை, கடற்படை பாண்ட்காரர்கள் பழகுவதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டே பாதி வித்தை பிடித்ததாகச் சொல்வார். மீதிப் பாதி அவருடைய சனங்களின் கல்யாண வீடுகளில் ஊதிப் பிடித்தது. எங்களுக்கு அவர் கற்றுத் தந்ததெல்லாம் அணிவகுப்பு இசை. விளையாட்டுப் போட்டி, சுதந்திர தினம், திருநாள் ஊர்வலம். வெயிலில் நின்று ட்ரம்பெற் சூடேறினால் சுருதி மேலே ஏறும், அதையும் பார்த்து ஊத வேண்டும். மழையில் நடந்து ஊதியிருக்கிறேன். கதிரையில் இருந்து ஊதியதில்லை.

1981 இல் கோதுமை இறக்க வந்த ஒரு கப்பலில், விடியும்வரை நின்று சுமை தூக்குகிற வின்ச் ஒன்றைச் சரிக்கட்டிக் கொடுத்தேன். அந்தக் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் வழக்கமாக நீட்டுகிற சிகரெட் பெட்டிக்குப் பதிலாக ஒரு கசெற்றை நீட்டினார். என் ஆயுதப் பெட்டியில் ட்ரம்பெற் மவுத்பீஸ் கிடந்ததைக் கண்டிருப்பார் போலும். உறையில் பிலிப் ஜோன்ஸ் பிராஸ் என்செம்பிள், அதாவது பித்தளை வாத்தியக் குழு, என்று இருந்தது. அன்று பின்னேரமே மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் கேட்டார். கசெற் டக்கென்று நின்றதும் கண்ணைத் திறந்து, "மகன், இவங்கள் ஒருத்தரும் நடக்கிறாங்கள் இல்லை, கவனிச்சியா?" என்றார்.

அதை விளங்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. நடக்கிறவனுக்கு மூச்சைக் கால்தான் வெட்டித் தருகிறது. இடது கால் விழும்போது ஒரு அடி, வலது கால் விழும்போது ஒரு அடி. சத்தத்தைத் தணிக்கவும் முடியாது, பின்வரிசைக்குக் கேட்காது. அந்தக் கசெற்றிலோ மெதுவான ஒரு துண்டின் முடிவில், அத்தனை பித்தளையும் விளக்குத் திரியை உள்ளே இழுக்கிற மாதிரித் தணிந்து தணிந்து போகும். எந்த இடத்தில் சத்தம் தீர்ந்தது, எந்த இடத்தில் நாடாவின் இரைச்சல் தொடங்கியது என்று எத்தனை தரம் ஓடவிட்டும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனி அந்த மனிதரின் கதை. பிலிப் ஜோன்ஸ் 1928 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். லண்டன் றோயல் கொலிஜ் ஒஃப் மியூசிக்கில் ஏர்னஸ்ற் ஹோல் என்ற ட்ரம்பெற் ஆசானிடம் படித்தார். பிறகு லண்டனின் ஓர்கெஸ்ட்ராக்கள் என்கிற பெரிய வாத்தியக் குழுக்கள் பலவற்றில் முதல் ட்ரம்பெற்காரராக இருந்தார். கௌரவமான வேலைதான். ஆனால் ஓர்கெஸ்ட்ராவில் பித்தளைக்காரனின் பாடு வேறு. பீதோவனின் ஐந்தாவது சிம்பொனி நாலு பகுதி கொண்ட ஓர்கெஸ்ட்ரா ஆக்கம்; அதில் குழலை இழுத்து ஊதுகிற ட்ரொம்போன்காரர்கள் மூன்று பகுதிகளை மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்கள்; கடைசிப் பகுதியில்தான் வாய் வைப்பார்கள். ட்வொர்ஷாக்கின் ஒன்பதாவதில் பெரிய அடிக்குரல் குழலான டியூபாவை ஊதுகிறவருக்கு மெதுவான பகுதியில் மட்டும் ஒரு சில சுரங்கள். சம்பளத்துக்கு மௌனத்தை எண்ணுகிற உத்தியோகம் என்று மாஸ்டர் சொல்லிச் சிரிப்பார். வயலின்காரர்கள் அப்படியில்லை. ஓர்கெஸ்ட்ரா முடிந்தால் நாலு பேர் கூடி ஒரு அறையில் உட்கார்ந்து வாசிக்க அவர்களுக்கு இருநூறு வருடத்துச் சரக்கு இருக்கிறது.

ஜோன்ஸுக்கு அந்த அறைக்குள் போக ஆசை. அம்ஸ்ரர்டாமில் இருந்த ஒரு பித்தளை நால்வர் குழு அவருக்கு முன்மாதிரி. 1951 இல் தானும் நாலு பேரைச் சேர்த்தார். அப்போது அவருக்கு 23 வயது. வாசிக்க என்ன இருந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. மொஸார்ட் பித்தளை நால்வருக்கு எழுதவில்லை, பீதோவன் எழுதியது மரண வீட்டுக்கான மூன்று சின்னத் துண்டுகள். எழுதுவதும் சுலபமில்லை: அவர்கள் காலத்து ட்ரம்பெற்றில் விரலால் அழுத்திச் சுரம் மாற்றுகிற வால்வு இல்லை. வால்வு இல்லாத குழல் சங்கு மாதிரி, தன்னிடம் இயல்பாக உள்ள சில சுரங்களைத்தான் தரும். வால்வுக்கு ஜேர்மனியில் உரிமம் எடுத்தது 1818 இல். டியூபா பெர்லினில் பிறந்தது 1835 இல். சபையில் கடைசியாக வந்த ஆட்களுக்குக் கதிரை மிச்சமில்லை என்பதுதான் விஷயம்.

ஆகவே ஜோன்ஸும் கூட்டாளிகளும் பழைய பெட்டிகளைத் திறந்தார்கள். வெனிஸ் சான் மார்க்கோ தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த ஜியோவானி கப்ரியேலி 1597 இல் அச்சிட்ட தொகுப்பில் எட்டுக் குரலுக்கான, அதாவது எட்டு வாத்தியப் பங்குள்ள, சொனாற்றா என்கிற ஆக்கம் ஒன்று இருக்கிறது. இந்த இடம் சத்தம் தணிந்து, இந்த இடம் பலமாக என்று தாளிலேயே குறித்த மிகப் பழைய ஆக்கங்களில் அது ஒன்று. எட்டில் ஆறு பங்கு ட்ரொம்போனுக்கு! நாலு நாலு பேராக இரண்டு கூட்டம், ஒன்று கேட்க ஒன்று பதில் சொல்லும். அன்ற்வேர்ப்பில் அச்சகம் வைத்திருந்த ரில்மன் சுசாற்றோ 1551 இல் வெளியிட்ட நடன இசைத் தொகுப்பையும் எடுத்து வாசித்தார்கள். அது அச்சான வருடத்திலிருந்து ஜோன்ஸ் குழு தொடங்கிய வருடம் சரியாக நானூறு. இது தற்செயல்தான், என்றாலும் எனக்குப் பிடித்த கணக்கு.

பழையதை மட்டும் வைத்து எத்தனை நாள் ஓட்டலாம்? உயிரோடு இருந்த இசையமைப்பாளர்களைப் பிடித்து எழுதச் சொன்னார்கள். குழுவும் நால்வர், ஐவர் என்று வளர்ந்து பத்துப் பேரில் வந்து நின்றது: நாலு ட்ரம்பெற், ஒரு பிரெஞ்ச் ஹோர்ன், நாலு ட்ரொம்போன், ஒரு டியூபா. பெரிய மண்டபத்தை ஐந்து பேரால் நிறைப்பது கஷ்டம், பத்துப் பேர் என்றால் கப்ரியேலிக்கு வேண்டிய இரண்டு கூட்டமும் கையில் இருக்கும். பத்துக்குப் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். ட்ரம்பெற்காரர்களில் எல்கர் ஹோவார்த் என்பவர் ஓர்கெஸ்ட்ராக்களையும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாண்ட் ஒன்றையும் நடத்தியவர். முசோர்க்ஸ்கி 1874 இல் பியானோவுக்கு எழுதிய, சித்திரக் கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கிற அந்தப் பெரிய ஆக்கத்தை முழுக்கப் பித்தளைக்கு மாற்றி எழுதினார். என் கசெற்றில் இருந்தது அதுதான். டியூபா ஜோன் பிளெற்சர். இப்படியும் டியூபா ஊதலாமா என்று எங்கள் மாஸ்டர் தலையில் கை வைத்தார். பிளெற்சர் 1987 இலேயே இறந்துவிட்டார்.

மல்கம் ஆர்னோல்ட் பற்றி ஒரு வார்த்தை. அவரும் முன்னாள் ட்ரம்பெற்காரர்தான். நம் நாட்டில் கித்துல்கலையில் களனி கங்கைக்கு மேலே பாலம் கட்டி எடுத்தார்களே ஒரு ஆங்கிலப் போர்ப்படம், அதற்கு இசையமைத்து 1958 இல் ஒஸ்கார் வாங்கியவர். சனங்கள் அந்தப் படத்தின் சீட்டியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டி மெட்டு அவருடையதும் இல்லை. பித்தளைக்காரருக்கு அவர் பெயர் வேறு காரணத்துக்காக முக்கியம். நியூயோர்க்கில் 1954 இல் தொடங்கிய ஒரு ஐவர் குழுவுக்காக 1961 இல் அவர் எழுதிய ஆக்கம் இன்றைக்கும் உலகத்தில் எந்த ஐவர் கூடினாலும் வாசிக்கிற ஒன்று. 1978 இல் ஜோன்ஸின் பத்துப் பேருக்காக ஒரு சிம்பொனியே எழுதினார். சிம்பொனியில் காத்திருந்தவர்களுக்கு யாரும் காத்திருக்கத் தேவையில்லாத சிம்பொனி.

ஜோன்ஸின் மனைவி உர்சுலா சுவிற்சர்லாந்துக்காரர். இசைக்குழுக்களை நிர்வகிப்பதில் கெட்டிக்காரி. எந்த ஊர், எந்த மண்டபம், யாருக்கு எவ்வளவு என்கிற வேலைதான் ஒரு குழுவை முப்பத்தைந்து வருடம் நிற்க வைக்கும். அதைச் சரித்திரத்தில் யாரும் பெரிதாக எழுதுவதில்லை. 1986 இல் ஜோன்ஸ் வாசிப்பதை நிறுத்தினார். கூட இருந்தவர்கள் லண்டன் பிராஸ் என்று பெயர் மாற்றித் தொடர்ந்தார்கள். அவர் 1988 முதல் 1994 வரை லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் அதிபராக இருந்தார். நம் பிள்ளைகள் சிலர் ட்ரினிட்டி இசைப் பரீட்சை எடுக்கிறார்களே, அந்தப் பரீட்சை தோன்றியது அந்தக் கல்லூரியில்தான். 2000 ஜனவரியில் காலமானார்.

மற்றவர்களையும் விடக்கூடாது. ரஷ்யாவில் விக்ரர் ஏவால்ட் என்றொருவர், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் சிவில் எஞ்சினியரிங் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் செல்லோ வாசித்தார், பித்தளை ஐவருக்கு நாலு ஆக்கங்கள் எழுதினார். தொழிற்சாலைக்காரன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் தனிப் பாசம். அமெரிக்கன் பிராஸ் குவின்ரெற் என்ற ஐவர் குழு தொடங்கியது 1960 இல். ரொறொன்ரோவில் கனேடியன் பிராஸ் என்ற ஐவர் குழு 1970 இல். கறுப்புக் கோட்டுக்குக் கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துப் போட்டு மேடை ஏறுவார்கள், 1977 இல் சீனாவுக்கே போய் வாசித்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று யாரும் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நம் பெரிய மேளமும் வீதிக்குப் பிறந்த வாத்தியம்தானே? சுவாமிக்கு முன்னால் நடந்துகொண்டுதான் நாதஸ்வரம் வாசித்தார்கள். ரி. என். ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிய பிறகு அதைக் கச்சேரி என்று சனம் ஒத்துக்கொண்டது. இங்கேயும் திருவிழாவில் சுவாமி வீதி சுற்றி வந்த பிறகு மேளச்சமா தொடங்கும். நாதஸ்வரக்காரர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒரு ராகத்தை எடுத்தால், கச்சான் விற்கிறவரும் குப்பிலாம்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை எங்கள் அப்பா தலைமுறை விடிய விடிய இருந்து கேட்டது. ஊர்வல வாத்தியத்தை உட்கார வைத்துக் கேட்கிற பழக்கம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து ட்ரம்பெற் விஷயத்தில்தான் அதை மறந்துவிடுகிறோம்.

சரி, என் வளவுக்கு வருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து பிள்ளைகள் வருவார்கள். இரண்டு ட்ரம்பெற், ஒரு ஆல்ற்றோ ஹோர்ன், ஒரு ட்ரொம்போன், டியூபா இல்லாததால் அடிக்குரலுக்கு ஒரு யூஃபோனியம். முதல் ட்ரம்பெற் ஒரு ஆட்டோக்காரரின் மகள், இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுதுகிறாள். இவர்களிடம் இருக்கிற வாத்தியங்களுக்குச் சரியாக அமைந்த இசைத் தாள் கடையில் கிடைக்காது. ஆகவே சுசாற்றோவின் நடனங்களை நானே கொப்பியில் கோடு போட்டு எழுதிக் கொடுக்கிறேன். ஜோன்ஸின் குழுவுக்கு வந்த அதே சிக்கல், தாள்தான் மலிவு.

வாத்தியம் என்றால் எனக்கு இன்னும் மெஷின்தான். ட்ரம்பெற்றை நீட்டி வைத்தால் ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைந்த குழாய். நடு வால்வை அழுத்தினால் குழாய் கொஞ்சம் நீண்டு அரைச் சுரம் இறங்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. வால்வுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்ரன் உறைக்குள் ஒரு மயிரிழை இடைவெளியில் ஓட வேண்டும். எங்கள் கடல் காற்று அதற்குச் சத்துரு. வாடைக் காலத்தில் ஒரு கிழமை திறக்காமல் வைத்தால் மூடிக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடும். வால்வு எண்ணெய் கொழும்பிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். அதற்காகப் பிள்ளைகள் தேங்காயெண்ணெய் விடுவார்கள். முதல் நாள் வழுக்கும், மூன்றாம் நாள் பிசின். பிறகு என்னிடம் கொண்டு வருவார்கள்; மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய வேட்டித் துண்டால் துடைத்துக் கொடுப்பேன். குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கிற அம்மாமாரும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஒருநாள் கப்ரியேலி செய்தது என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, இரண்டு பேரை மாமரத்தடியிலும் மூன்று பேரைக் கிணற்றடியிலும் இருத்தினேன். கேள்வி அங்கே, பதில் இங்கே. கிணற்றடிச் சத்தம் கிணற்றுக்குள்ளும் இறங்கி ஒரு கணம் பிந்தி மேலே வந்தது. யூஃபோனியம் பொடியன் ஊதுவதை நிறுத்திவிட்டு, "ஐயா, உள்ளுக்குள்ளயும் ஒராள் வாசிக்கிறார்" என்றான்.

இப்போது என் முறைப்பாடு. சில மாதங்களுக்கு முன் நகரில் ஒரு பொது நிகழ்ச்சியில் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். மேடையில் ஐந்து கதிரை, ஐந்து தாள் தாங்கி; தாங்கிகளை நானே இரும்புக் கம்பியில் ஒட்டினேன். இரண்டாவது நடன மெட்டில் இன்னும் பதினாறு தாள அடி வாசிக்கக் கிடந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் மேடைக்கு ஓடி வந்து, "பிள்ளைகளைக் கெதியா வாசலுக்குப் போகச் சொல்லுங்கோ, பிரதம அதிதி வந்திட்டார்" என்றார். பிள்ளைகள் எழும்பினார்கள். முதல் ட்ரம்பெற்காரி தாளைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு படி இறங்கியதை நான் மறக்கமாட்டேன். வாசலில் நின்று வழக்கமான அணிவகுப்பு மெட்டை ஊதி, அதிதியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மேடையில் கதிரைகளை எடுத்துவிட்டு மங்கல விளக்கை வைத்திருந்தார்கள். அந்தப் பதினாறு அடியும் இன்னும் மிச்சம். மறுநாள் பத்திரிகையில் வழமையான அந்த வரி வந்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது சின்ன உதவி. அடுத்த தரம் அந்த வரியைப் போடும்போது, என்ன வாசித்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டு இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் அதையும் போடுங்கள், அடுத்த முறை மாஸ்டர்மார் சொல்லிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. இந்த மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறையில் ஒரு டியூபா கிடக்கிறது. பூட்டுத் திருத்தப் போனபோது என் கண்ணால் கண்டேன். மூன்றாவது வால்வு இறுகியிருக்கிறது, வாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது, கீழ்ப் பக்கம் நசுங்கல் ஒன்று. மற்றபடி நல்ல உடம்பு. சனிக்கிழமைகளில் மட்டும் இரவல் தாருங்கள், திருத்தித் திருப்பித் தருகிறேன் என்று இரண்டு கடிதம் எழுதினேன். பொருட்பதிவேட்டில் உள்ள சாமானை வெளியே விட முடியாது என்று பதில் வந்தது. பாடசாலையின் பெயரை நான் எழுதவில்லை, யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. இந்தக் கடிதத்தை அவர்கள் வாசித்தால் தங்களைத்தான் என்று தெரிந்துகொள்வார்கள். பதிவேட்டையும் கொண்டு வரட்டும், ஒவ்வொரு சனிக்கிழமையும் கையெழுத்து வைக்கிறேன். குளவிக் கூட்டை நானே கலைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ட்ரம்பெற்காரன் ஒருவன்,
பாலையூற்று, திருகோணமலை.